மிச்சமிருந்தால் உனக்கு

விமான நிறுவனங்களின் கொடைத்திறத்தைப் பாட இன்னும் ஒரு புலவன் பிறக்காதது உலகத்துக்கே நஷ்டம். முல்லைக்குத் தேரைக் கொடுத்துவிட்டுப் பாரி நடந்து வீடு திரும்பினான். மயிலுக்குப் போர்வையைக் கொடுத்துவிட்டுப் பேகன் குளிரில் நின்றான். கொடுத்தால் கையில் இருப்பது குறையும் என்கிற பழைய கணக்கைத் தாண்டி யோசிக்க அவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு காசும் குறையாமல் கொடுக்கலாம், வாங்கியவனை ஆயுள் முழுக்க நன்றியோடு நிற்க வைக்கலாம் என்று நிரூபிக்க ஜெட் விமானம் வரவேண்டியிருந்தது.

அந்தக் கொடைக்கு ஸ்டேண்ட்பை என்று பெயர். விமான நிறுவனத்தில் வேலை பார்ப்பவரும், அவருடைய துணையும், பிள்ளைகளும், பல இடங்களில் பெற்றோரும் உலகத்தின் எந்த மூலைக்கும் ஏறக்குறைய ஓசியில் பறக்கலாம். சொந்தக் கம்பெனி விமானமானால் பெரும்பாலும் வரி மட்டும் கட்டினால் போதும். அடுத்த கம்பெனி விமானமானால் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு, அல்லது நிறுவனங்கள் தங்களுக்குள் பேசி வைத்திருக்கும் ‘ஸெட்’ கட்டணம். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: காசு கொடுத்த கடைசி ஆளும் ஏறிய பிறகு, இருக்கை மிச்சமிருக்க வேண்டும்.

“அவன் ஏர்லைன்ஸ்ல இருக்கான்ப்பா, நினைச்சா லண்டன், நினைச்சா டோக்கியோ” என்று சொந்தக்காரர்கள் பெருமூச்சு விடுவார்கள். அவன் நினைத்தால் போதாது என்பதும், முன்னூறு பேர் வராமல் போக நினைக்க வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

முதலில் பெயரை லிஸ்டில் போட வேண்டும். பிறகு ‘லோட்’ பார்க்க வேண்டும், அதாவது எத்தனை இருக்கை விற்றிருக்கிறது என்று மணிக்கொருமுறை கைபேசியைத் தடவ வேண்டும். நேற்று இரவு நாற்பது காலி என்று காட்டியது காலையில் நாலாக இருக்கும். ஏதோ ஒரு ஊரில் ஒரு விமானம் ரத்தாகி, அதில் போகவேண்டியவர்கள் அத்தனை பேரையும் இதில் தள்ளியிருப்பார்கள். கல்யாண வீட்டில் சாப்பிடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் இலைக்காக நின்றவர்களுக்கு இந்த நிலைமை கொஞ்சம் புரியும். அங்கேயாவது அடுத்த பந்தி அரை மணியில் வரும். இங்கே அடுத்த பந்தி நாளை இதே நேரத்துக்கு, நேற்று விட்டுப்போனவர்களையும் சேர்த்துக்கொண்டு.

லிஸ்டில் எல்லோரும் சமம் என்று நினைத்துவிடக் கூடாது. கம்பெனி வேலையாகப் போகிறவர் ஒரு படி, விடுமுறைக்குப் போகிறவர் ஒரு படி, பெற்றோர் ஒரு படி, பல இடங்களில் ஓய்வுபெற்றவர் அதற்கும் கீழே ஒரு படி, அடுத்த கம்பெனிக்காரர் இன்னொரு படி, நண்பனுக்குக் கொடுத்த பாஸில் வந்தவர் பாதாளம். ஒரே படிக்குள்ளும் சில நிறுவனங்களில் வேலைக்குச் சேர்ந்த தேதி பார்ப்பார்கள், சிலவற்றில் செக்-இன் செய்த நிமிஷம் பார்ப்பார்கள். மனு நாலோடு நிறுத்திக்கொண்டார். மனிதவளத் துறைக்கு அந்த அடக்கம் கிடையாது.

உள்நாட்டுப் பயணத்தில் இதெல்லாம் வெறும் அலைச்சல். வெளிநாட்டுப் பயணத்தில்தான் இந்தக் கொடையின் முழு மகிமையும் தெரியும். அமெரிக்காவில் இருக்கும் மகனின் சலுகையில் பேரனைப் பார்க்கப் போன ஒரு தாய் தகப்பனை எடுத்துக்கொள்ளுங்கள். போகும்போது அதிர்ஷ்டம் இருந்தது. திரும்பும்போது ஃபிராங்க்ஃபர்ட் வரை மகனின் கம்பெனி, அங்கிருந்து மீனம்பாக்கத்துக்கு இன்னொரு கம்பெனி. இரண்டு லிஸ்ட், இரண்டு தெய்வங்கள். இப்போது ஃபிராங்க்ஃபர்ட்டில், இரண்டாவது தெய்வத்தின் வாசலில் நிற்கிறார்கள்.

“ஏங்க, நம்ம பேரு எத்தனாவதா இருக்கு?”

“பதினொண்ணு, பன்னெண்டு.”

“சீட்டு எத்தனை இருக்காம்?”

“ஒம்பது.”

“டெட்ராய்ட்லேர்ந்து ஒரு பிளேன் லேட்டுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சே. அதுல வர்றவங்க இதைப் பிடிக்க முடியாம போச்சுன்னா நமக்குக் கிடைக்கும்ல?”

வாழ்நாளில் யாருக்கும் கெடுதல் நினைக்காத அம்மா, முன்பின் தெரியாத குடும்பம் ஒன்றின் இணைப்பு விமானம் தவற வேண்டும் என்று கந்த சஷ்டி கவசம் சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். ஓசிப் பயணத்தின் முதல் கட்டணம் இதுதான். அடுத்தவன் கெட்டால்தான் நமக்கு விடியும் என்று ஒரு நல்ல மனுஷியை நம்ப வைத்தாகிவிட்டது.

இடம் கிடைக்கவில்லை என்றால் வெளியே போய் ஓட்டலில் படுக்கலாமா என்றால், அவர்களிடம் ஐரோப்பிய விசா கிடையாது. நம் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு நினைத்தபடி வாசலைத் தாண்ட முடியாது. அப்பாவின் மாத்திரை, வேறு விமானத்தில் ஏறி முன்னால் போய்விட்ட பெட்டிக்குள் இருக்கிறது. சில சமயம் கண்ணெதிரே இருக்கைகள் காலியாகவே இருக்கும். எதிர்க்காற்று பலமாக இருப்பதால் எரிபொருள் கூடுதலாக ஏற்ற வேண்டும், ஆகவே ஆள் எடையைக் குறைக்கிறோம் என்பார்கள். குறைக்கப்படும் எடை யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை.

இந்திய விமான நிலையங்களில் இன்னொரு கூத்து உண்டு. கவுன்டர் மூடும் தறுவாயில்தான் போர்டிங் பாஸ் கைக்கு வரும். அதற்கப்புறம் இமிகிரேஷன், பாதுகாப்புச் சோதனை எல்லாம் ஓட்டத்திலேயே. நாட்டை விட்டு வெளியேறியதாக முத்திரை குத்திய பிறகு இடமில்லை என்று ‘ஆஃப்லோட்’ செய்துவிட்டால், அந்த முத்திரையை ரத்து செய்துகொண்டு திரும்பவும் இந்தியாவுக்குள் வர வேண்டும். எங்கேயும் போகாமலேயே வெளிநாடு போய்வந்த பாக்கியம் வேறு யாருக்குக் கிடைக்கும்? இவ்வளவுக்கும் நடுவில் ஒரு முணுமுணுப்பு வரக்கூடாது. “ஃப்ரீயாத்தானே போறீங்க?” என்கிற ஒரு கேள்வியை வைத்தே ஆயிரக்கணக்கான வாய்களை அடைத்து வைத்திருக்கிறார்கள்.

அது எவ்வளவு ஃப்ரீ என்பதை அமெரிக்க வருமானவரிச் சட்டமே அழகாகச் சொல்லியிருக்கிறது. அதன் 132ஆம் பிரிவின்படி, முதலாளிக்குக் குறிப்பிடத்தக்க கூடுதல் செலவோ வருமான இழப்போ இல்லாத சேவையை ஊழியருக்குக் கொடுத்தால் அதற்கு வரி கிடையாது. ஸ்டேண்ட்பை அந்தக் கணக்கில்தான் வருகிறது. கதவு மூடிய கணத்தில் காலி இருக்கையின் விலை பூஜ்யம், அந்தப் பூஜ்யத்தைத்தான் ஊழியருக்குத் தருகிறோம் என்று நிறுவனங்கள் அரசாங்கத்திடம் சொல்லி வரிவிலக்கு வாங்கியிருக்கின்றன. அதையே ஊழியரிடம் வந்து, உனக்கு எவ்வளவு பெரிய சலுகை பார்த்தாயா என்கின்றன. வரித்துறைக்கு ஒரு விலை, வேலை விளம்பரத்துக்கு ஒரு விலை.

பூஜ்யத்தை வாங்கிக்கொள்பவருக்கு ஒழுக்க விதிகளும் உண்டு. 2017 மார்ச் 26 அன்று டென்வர் விமான நிலையத்தில் யுனைடெட் நிறுவனம் பதின்வயதுப் பெண்கள் இருவரை விமானத்தில் ஏற்றவில்லை. லெகிங்ஸ் அணிந்திருந்தார்கள் என்பது குற்றம். ஊரே சத்தம் போட்டதும் நிறுவனம் விளக்கம் சொன்னது: அவர்கள் ஊழியர் சலுகையில் பயணம் செய்பவர்கள், அவர்களுக்கு உடைக் கட்டுப்பாடு உண்டு, காசு கொடுத்து வரும் பயணிகள் தாராளமாக லெகிங்ஸ் அணியலாம். விளங்கிவிட்டது. கட்டணம் கட்டினால் கால்கள் கௌரவமானவை. கட்டாவிட்டால் அதே கால்கள் ஆபாசம்.

சரி, காசு கொடுத்தவருக்காவது கௌரவம் மிஞ்சியதா? அதற்கு இரண்டு வாரம்தான் பொறுக்க வேண்டியிருந்தது. 2017 ஏப்ரல் 9, சிகாகோவிலிருந்து லூயிவில் செல்லும் யுனைடெட் எக்ஸ்பிரஸ் விமானம் 3411. பயணிகள் எல்லோரும் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. அப்போதுதான் மறுநாள் லூயிவிலில் வேலைக்கு வேண்டிய நாலு சிப்பந்திகளுக்கு இடம் வேண்டும் என்று நிறுவனத்துக்கு நினைவு வந்தது. இறங்குபவருக்கு 400 டாலர் என்றார்கள், 800 என்றார்கள். யாரும் அசையவில்லை. கம்ப்யூட்டர் நாலு பேரைத் தேர்ந்தெடுத்தது. மூன்று பேர் இறங்கினார்கள். காலையில் நோயாளிகளைப் பார்க்க வேண்டும் என்று 69 வயது மருத்துவர் ஒருவர் மறுத்தார். விமான நிலையப் பாதுகாவலர்கள் அவரை இருக்கையிலிருந்து பிடுங்கி, நடைபாதையில் ரத்தம் ஒழுக இழுத்துப் போனார்கள். மூக்கு உடைந்தது, இரண்டு பற்கள் போயின, மூளை அதிர்ச்சி. தலைமை நிர்வாகி ஆஸ்கர் முனோஸ், பயணிகளுக்கு வேறு ஏற்பாடு செய்ய நேர்ந்ததற்காக வருந்தி முதல் அறிக்கை விட்டார். அதற்கு முந்தைய மாதம்தான் ‘பிஆர் வீக்’ இதழ் அவரை ஆண்டின் சிறந்த தொடர்பாளர் என்று கௌரவித்திருந்தது.

இந்த இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு விமானப் பணிப்பெண் தன் தாயின் சாவுக்குப் போக வேண்டுமென்றால் அவள் முறை காசு கொடுத்தவர்கள் எல்லோருக்கும் பிறகு. ஒழுங்காக உடுத்தி, புன்னகையோடு, மூச்சு விடாமல் நிற்க வேண்டும். அதே பெண்ணைக் கம்பெனி தன் வேலைக்கு அனுப்பினால், அவளுக்காகக் காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவரைக் கம்பெனி எழுப்பிவிடும். எழாவிட்டால் ஆள் வைத்து இழுக்கும். இருக்கை அவளுடையதும் இல்லை, அவருடையதும் இல்லை. கம்பெனிக்கு வேண்டாதபோது அது அவளுக்குப் பிச்சை, அவருக்கு டிக்கெட். வேண்டியபோது இரண்டும் செல்லாது.

ஒரு காலத்தில் ஸ்டேண்ட்பை என்பது ஏழையின் டிக்கெட்டாகவும் இருந்தது. 1977 செப்டம்பரில் ஃப்ரெடி லேக்கர் என்ற விமான முதலாளி தன் ஸ்கைட்ரெயின் சேவையை லண்டன் காட்விக்கிலிருந்து நியூயார்க்குக்குத் தொடங்கினார். முன்பதிவு கிடையாது. அன்றைய டிக்கெட் அன்றைக்கே. ஒரு வழிக்கு 59 பவுண்டு. வரிசையில் முன்னால் நின்றவர் முன்னால் ஏறினார். பெரிய நிறுவனங்கள் தாங்களும் ஸ்டேண்ட்பை கட்டணம் என்று ஆரம்பித்து, விலையை வெட்டி அவரை நெருக்கின. 1982 பிப்ரவரியில் லேக்கர் திவாலானார். எண்பதுகளின் நடுவில் எந்த இருக்கையை யாருக்கு எந்த நாளில் என்ன விலைக்கு விற்கலாம் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடத் தொடங்கியதும், பொதுமக்களுக்கான ஸ்டேண்ட்பை மெல்ல மறைந்தது.

அது மறைந்துவிட்டது என்றா சொன்னேன்? எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. ஓவர்புக்கிங் என்ற பெயரில், பணம் கட்டிய ஒவ்வொருவரும் தெரியாமலேயே ஸ்டேண்ட்பை லிஸ்டில் நிற்கிறார்கள். 1972இல் நுகர்வோர் உரிமைக்குப் போராடிய ரால்ஃப் நேடர் என்பவரையே உறுதியான டிக்கெட்டோடு வாசலில் நிறுத்தினார்கள். அவர் அலிகெனி நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார், 1976இல் அது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. ஜூலியன் சைமன் என்ற பொருளாதார அறிஞர் 1968லேயே ஒரு யோசனை சொல்லியிருந்தார்: இடம் போதாவிட்டால் ஏலம் விடுங்கள், தானாக விட்டுக்கொடுப்பவருக்கு அவர் கேட்கும் விலையைக் கொடுங்கள். நிறுவனங்கள் சிரித்தன. விட்டுக்கொடுப்பவர் உண்டா என்று முதலில் கேட்க வேண்டும் என்று அரசு விதி போட்டபோது 1978 ஆகிவிட்டது. விட்டுக்கொடுப்பவருக்கான உச்சவரம்பை யுனைடெட் 10 ஆயிரம் டாலராக உயர்த்துவதற்கு ஒரு கிழவரின் பற்கள் தேவைப்பட்டன.

நம் நாட்டில் பற்களுக்கு அவ்வளவு விலை இல்லை. விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏவின் விதிப்படி, உறுதியான டிக்கெட் இருந்தும் ஏற்ற மறுத்தால், ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் கொடுத்துவிட்டால் நஷ்டஈடு இல்லை. 24 மணிக்குள் அனுப்பினால் அதிகபட்சம் 10 ஆயிரம் ரூபாய், அதற்கும் மேல் ஆனால் அதிகபட்சம் 20 ஆயிரம். ஐரோப்பாவின் 2004ஆம் ஆண்டு விதியில் நெடுந்தூரப் பயணத்துக்கு 600 யூரோ. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நம் தலைக்கு. அதையும் கொடுப்பதற்கு முறையான ஏற்பாடே வைத்திருக்கவில்லை என்று 2022 ஜூனில் ஏர் இந்தியாவுக்கு டிஜிசிஏ அபராதம் போட்டது. எவ்வளவு? 10 லட்சம் ரூபாய். ஐம்பது பேருக்கு முழு நஷ்டஈடு கொடுத்தால் செலவாகியிருக்கும் தொகை. கொடுக்காமல் இருந்து மாட்டிக்கொள்வது எவ்வளவு மலிவு என்று ஊருக்கே விலைப்பட்டியல் ஒட்டியதுபோல் ஆயிற்று.

நம் பணமும் ஸ்டேண்ட்பையில்தான் நிற்கும். கொரோனா காலத்தில் நிறுவனங்களே ரத்து செய்த விமானங்களின் டிக்கெட் பணத்துக்குப் பயணிகள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். 2022 நவம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை ஆறு நிறுவனங்களைப் பிடித்து 60 கோடி டாலருக்கு மேல் பயணிகளுக்குத் திரும்பக் கிடைக்கச் செய்தது. அதில் 12 கோடியே 15 லட்சம் டாலர் ஏர் இந்தியாவின் பங்கு. புகார் கொடுத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரை 100 நாளுக்கு மேல் நிற்க வைத்திருக்கிறார்கள். மக்கள் பணத்தில் ஓடிய அரசு நிறுவனம், அந்த மக்கள் பணத்தைக் கேட்டால் பெயர் எத்தனாவது என்று பார்த்த காலம் அது.

அதே கொரோனாவில் அமெரிக்க விமான நிறுவனங்கள் அரசாங்கத்தின் வாசலில் நின்றன. யாராவது அவற்றை லிஸ்டில் போட்டார்களா? ஆஸ்பத்திரிக்கும் வேலை இழந்தவனுக்கும் கொடுத்தது போக மிச்சமிருந்தால் பார்க்கலாம் என்றார்களா? 2020 மார்ச்சில் தொடங்கி மூன்று தவணைகளில், ஊழியர் சம்பளத்துக்கென்று மட்டும் சுமார் 5,400 கோடி டாலர், அதில் பெரும்பகுதி மானியம். முதல் வரிசை, சன்னலோர இருக்கை, கால் நீட்டிக்கொள்ள இடம். முந்தைய ஆண்டுகளில் லாபத்தைக் கொட்டித் தங்கள் பங்குகளையே திரும்ப வாங்கிக்கொண்டிருந்த கனவான்கள் இவர்கள். உடை சரியாக இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

ஊழியருக்குச் சம்பளம் என்றார்களே, அதையும் பார்ப்போம். வட அமெரிக்காவில் பல காலமாக விமானப் பணியாளருக்குச் சம்பளக் கடிகாரம் கதவு மூடிய பிறகுதான் ஓடியது. உங்கள் பெட்டியை மேலே தூக்கி வைக்கும்போதும், குழந்தையை ஏந்திக்கொள்ளும்போதும், வாசலில் நின்று வணக்கம் சொல்லும்போதும் அவர்களுக்குக் கூலி இருந்ததில்லை. பயணிகள் ஏறும் நேரத்துக்கும் ஊதியம் என்று டெல்டா நிறுவனம் அறிவித்தது 2022இல்தான், அதுவும் பாதி. 2025 ஆகஸ்டில் தரையில் செய்யும் வேலைக்கும் கூலி கேட்டு ஏர் கனடாவின் 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு நாள் முடிவதற்குள் கனடா அரசு குறுக்கிட்டு வேலைக்குத் திரும்பச் சொன்னது. தொழிற்சங்கம் மறுத்து நின்றபிறகுதான் ஒப்பந்தம் வந்தது. பூஜ்ய விலை இருக்கையைக் கொடுத்துப் பூஜ்ய விலை உழைப்பை வாங்கும் பண்டமாற்று எவ்வளவு நாள் ஓடியிருக்கிறது பாருங்கள்.

ஸ்டேண்ட்பை என்றால் உல்லாசப் பயணம் என்று நினைப்பவர்கள் 2009 பிப்ரவரி 12 இரவை நினைத்துப் பார்க்க வேண்டும். நியூவார்க்கிலிருந்து பஃபலோ சென்ற கோல்கன் நிறுவனத்தின் 3407 விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். துணை விமானிக்கு வயது 24. வேலை நியூவார்க்கில், குடியிருப்பு நாட்டின் மறுகோடியில் சியாட்டில் பக்கம். முந்தைய இரவு முழுக்க மெம்ஃபிஸ் வழியாகச் சரக்கு விமானங்களில் ஒட்டிக்கொண்டு காலையில் வேலைக்கு வந்து சேர்ந்தவர், சிப்பந்திகள் அறையில் கிடைத்த நேரத்தில் கண்ணயர்ந்தார். அவருடைய ஆண்டுச் சம்பளம் சுமார் 16 ஆயிரம் டாலர் என்று விசாரணையில் பேசப்பட்டது. நிறுவனம் பிறகு கூட்டிச் சொன்ன கணக்கும் 24 ஆயிரத்தைத் தாண்டவில்லை. விபத்துக்குக் காரணம் கேப்டன் எச்சரிக்கைக்குத் தவறாக எதிர்வினை செய்தது என்றது விசாரணை. களைப்பு இருவரின் திறனையும் பாதித்திருக்கக்கூடும், எவ்வளவு என்று அளக்க முடியவில்லை என்றும் சொன்னது. அளக்க முடியாததை விடுவோம். அளக்க முடிந்தது அந்தச் சம்பளம். வேலை பார்க்கும் ஊரில் ஒரு படுக்கைக்கு வழியில்லாத விமானியின் கையில் இருந்த சலுகை, நாட்டின் குறுக்கே இரவெல்லாம் தொற்றிக்கொண்டு வரும் உரிமை.

ஆகவே ஒரு சிறு யோசனை. இவ்வளவு நல்ல திட்டத்தை ஊழியரோடும் பயணிகளோடும் நிறுத்திக்கொள்வது அநியாயம். விமான நிறுவனத் தலைமை நிர்வாகிகளின் போனஸையும் ஸ்டேண்ட்பையில் போடுவோம். பணியாளர் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் கூலி வாங்கியபிறகு, பயணி ஒவ்வொருவரும் தன் பணத்தைத் திரும்பப் பெற்றபிறகு, பெட்டி தொலைந்தவருக்குப் பெட்டியும் பல் தொலைந்தவருக்குப் பல்லும் கிடைத்தபிறகு, மிச்சமிருந்தால் கொடுக்கலாம். போனஸுக்கு வருகிறவர் ஒழுங்காக உடுத்தி வர வேண்டும். பெயர் எத்தனாவது என்று நச்சரிக்கக் கூடாது. இந்த ஆண்டு இல்லை என்றால் அவர் பெயர் தானாக அடுத்த ஆண்டு லிஸ்டுக்குப் போகும், அங்கே அவருக்கு முன்னால் இன்னும் பலர் இருப்பார்கள். முகம் சுளித்தால் சலுகை இரண்டு ஆண்டுக்கு ரத்து. போனஸ் வாங்கி உட்கார்ந்த பிறகும், தகுதியான ஒரு துப்புரவுப் பணியாளர் கடைசி நிமிஷத்தில் வந்து நின்றால் எழுந்து கொடுத்துவிட வேண்டும். எழ மறுத்தால் என்ன செய்வது என்பதற்குச் சிகாகோவில் ஏற்கெனவே செயல்முறை இருக்கிறது.

சம்மதிக்க மாட்டார்கள். நிச்சயம் என்பதன் அருமை அவர்களுக்குத் தெரியும், அதனால்தான் அதை மொத்தமாகத் தாங்களே வைத்துக்கொண்டு, நிச்சயமின்மையை மட்டும் வாரி வழங்குகிறார்கள். சரி, யோசனை வேண்டாம் என்றால் விடுங்கள். வேலை விளம்பரத்தில் ‘உலகம் முழுவதும் இலவசப் பயணம்’ என்று போடுவதையாவது நிறுத்துங்கள். வாசலில் நின்று வணக்கம் சொல்கிற நேரத்துக்கும் சேர்த்துக் கூலியைக் கையில் கொடுங்கள். டிக்கெட்டை அவர்களே வாங்கிக்கொள்வார்கள். விற்ற டிக்கெட்டை மறுபடி விற்காமல் இருக்க மட்டும் நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள்.